பிரிக்கிறதா என்று கேட்டுத் திரிந்த காலம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்றபோது என் இடத்துக்கு வந்தவள். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். மறுபடியும் மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்களாம். தலைப்பையும் வாசித்துக் காட்டினாள்: "நகர அதிவேகச் சாலை அயல்களைப் பிரிக்கிறதா? ஒரு திறந்த உரையாடல்." புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வந்து என் அனுபவத்தைச் சொன்னால் நல்லது என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் பாவம், ஏன் என்று விளங்கியிருக்காது.

கொங்கிறீட் தூண்களின்மேல் ஒரு சாலையைத் தூக்கி வைக்கிறார்கள். அதன் கீழே இரண்டு பக்கமும் வாகனங்கள் சீறிக்கொண்டு போகும் கிரெமாசி வீதியை விரிக்கிறார்கள். அதற்கும் அப்பால் இரு கரையிலும் மனிதர்களைக் குடியிருத்துகிறார்கள். பிறகு அந்த மனிதர்களிடமே போய், இது உங்களைப் பிரிக்கிறதா என்று கேட்கிறார்கள். மழையில் தெப்பமாக நனைந்து நிற்கிற ஒருவரிடம், நனைந்ததாக உணர்கிறீர்களா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்பதற்கு எவ்வளவு படிப்பு வேண்டியிருக்கிறது! அந்தப் படிப்பு என்னிடமும் இருந்தது. அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

வரமாட்டேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அதைத்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் படவரைஞர் வேலை படித்தவள் நான். மொன்றியலுக்கு அகதியாக வந்து, லாசாலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடித்துக்கொண்டு, மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தேன். வரைபடம் வாசிக்கத் தெரிந்தவள், மூன்று மொழி பேசுகிறவள் என்பதற்காக போன மாதம் அழைத்த அந்த நிறுவனம் என்னை எடுத்தது. பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதற்குமேல் ஒன்றுமில்லை.

என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் விளக்குவது பெரும்பாடு. மேலே யாரோ ஒரு திட்டம் போடுவார்கள். மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கும். அந்தக் கேட்கிற வேலையை எங்கள் நிறுவனம் ஒப்பந்தத்துக்கு எடுக்கும். நாங்கள் கேட்போம், கேட்டதை அறிக்கையாக்குவோம். அறிக்கை வெளிவரும்போது மக்கள் சொன்னதும் திட்டம் போட்டவர்கள் நினைத்ததும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த அதிசயப் பொருத்தத்தை நான் ஓய்வுபெறும்வரை வியந்திருக்கிறேன்.

எங்கள் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் முசியே ரொந்தோ. உயரமான, மெல்லப் பேசுகிற மனிதர். எந்தக் கூட்டத்திலும் மேற்கோட்டைக் கழற்றமாட்டார். பொத்தான் கூடத் திறக்கமாட்டார். வந்த நிமிடத்திலிருந்தே புறப்படத் தயாராக இருக்கிற ஆள் போல மண்டபத்தின் ஓரத்தில் நிற்பார். யார் என்ன சொன்னாலும், அழுதாலும் திட்டினாலும், தலையைச் சற்றுச் சாய்த்து "செ நொத்தே" என்பார். குறித்துக்கொண்டோம் என்று அர்த்தம். அவர் கையில் பேனா இருந்து நான் கண்டதில்லை.

கூட்டம் நடத்துவதை அவர் ஒரு கலையாகவே வைத்திருந்தார். நாற்காலிகளை வரிசையாகப் போடக் கூடாது, வட்டம் வட்டமாகத்தான் போட வேண்டும். வரிசையில் இருப்பவர்கள் ஒரு கூட்டமாகிவிடுவார்கள், வட்டத்தில் இருப்பவர்கள் தனித்தனி ஆட்களாகவே இருப்பார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மேசையில் பெரிய வரைபடம் விரித்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சின்ன வட்ட ஒட்டிகளை வைப்போம். பிடித்த இடத்தில் பச்சையும் பிடிக்காத இடத்தில் சிவப்பும் ஒட்ட வேண்டும். சிவப்பை மட்டும் கொஞ்சமாக வைக்கச் சொல்வார். "நிறைய இருந்தால் ஒட்டிப் பார்க்க ஆசை வரும், மதாம் ராணி." சுவரில் ஒரு வெள்ளைத்தாள் தொங்கும். அதற்கு 'தரிப்பிடம்' என்று பெயர். யாராவது சங்கடமான கேள்வி கேட்டால், "மிக முக்கியமான கேள்வி, இதைத் தரிப்பிடத்தில் நிறுத்திவைப்போம்" என்று நான் அங்கே எழுத வேண்டும். அந்தத் தரிப்பிடத்துக்குள் போன எந்தக் கேள்வியும் வெளியே வந்து நான் பார்க்கவில்லை.

'பிரிக்கிறது' என்ற சொல் அவருக்கு ஆகாது. 'உணரப்படும் தடை' என்றுதான் எழுத வேண்டும். சுவர் என்று எழுதினால், 'தொடர்ச்சியான கட்டமைப்பு' என்று மாற்றுவார். இவ்வளவுக்கும் அவர் கெட்டவர் இல்லை. எங்கள் எல்லோருடைய பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். கெட்டவராக இருந்திருந்தால் யாராவது அவரோடு சண்டை பிடித்திருப்பார்கள்.

இனி, செயின்ட்-மிஷேலில் நடந்த விடயம்.

அதிவேகச் சாலை அந்தப் பகுதியின் நடுவால் போகிறது. அதன் கீழே, தூண்களுக்கு நடுவே, ஒரு சின்னத் தெரு தெற்கிலிருந்து வடக்கே போகும். இருட்டு, புறா எச்சம், ஒழுகும் தண்ணீர் எல்லாம் உண்டு. ஆனாலும் சனங்கள் நடந்துபோக அந்த வட்டாரத்தில் இருந்த நல்ல வழி அதுதான். பாலத்தைப் பழுதுபார்க்கும் வேலை வந்தது. அந்த வழியை வேலி போட்டு அடைத்துப் பொருட்களும் யந்திரங்களும் வைக்கத் திட்டம். வேலை முடிந்த பிறகும் திறக்காமல், ஒரு பகுதியை நிரந்தரக் களஞ்சியமாகவும் மற்றப் பகுதியை அருகிலுள்ள கடைகளுக்கு வாகனத் தரிப்பிடமாகவும் விடலாம் என்று இன்னொரு யோசனை. அதற்குத்தான் கருத்துக் கேட்கப் போனோம்.

தெற்குப் பக்கத்தில், அந்த வழியின் வாசலிலேயே, தவத்தின் கடை. மரக்கறி, மீன், அரிசி, எல்லாம் ரொறன்ரோவிலிருந்து லொறியில் வரும். சத்தமாகக் கதைக்கிற, யாருக்கும் உதவுகிற, தான் சொன்னதே சரி என்று நிற்கிற மனிதர். அவர் மனைவி கமலா, வடக்குப் பக்கத்தில் மதாம் சோலான்ஜ் நடத்திய குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தாள். இங்கே நாங்கள் அதைக் கார்டரி என்போம். சோலான்ஜ் ஹெயிட்டிப் பெண். தன் வீட்டின் கீழ்த்தளத்தையே கார்டரியாக்கியிருந்தாள். தெற்குப் பக்கத்துக் குடும்பங்கள் பலதும் காலையில் பிள்ளைகளைக் கடை வாசலில் கமலாவிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்கு ஓடும். வளையங்கள் கோத்த நீளக் கயிறு ஒன்று அவளிடம் இருந்தது. ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு குஞ்சுகள் வரிசையாகப் பாலத்தின் கீழால் நடந்து போவார்கள். மேலே லொறி இடித்துக்கொண்டு போகும் சத்தத்துக்கு அவர்கள் பதிலுக்குக் கத்துவார்கள். அது அவர்களுக்கு விளையாட்டு.

முதற் கூட்டம் தெற்குப் பக்கத்தில், ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில். நிறுவனம் அழைத்திருந்த நிபுணர் ஒருவர் திரையில் படம் காட்டினார். தெருக்கள் எல்லாம் பாலத்தின் கீழால் பச்சை அம்புக்குறிகளாக மறுபக்கம் பாய்ந்தன. "பாருங்கள், தெருக்களின் பின்னல் எங்கும் அறுபடவில்லை. ஆகவே, கண்டிப்பான அர்த்தத்தில், பிரிவு என்று ஒன்றில்லை" என்றார். அந்த அம்புக்குறிகளுக்குக் குளிராது, கால் வழுக்காது, கையில் பிள்ளையும் இல்லை.

தவம் எழுந்தார். அவருக்குப் பிரெஞ்சு கடைக்கணக்குக்குத்தான் வரும். தமிழில் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன்.

"ஹைவே பிரிக்குது, பிரிக்குது எண்டு எல்லாரும் கத்தினம். இந்த ஹைவேயாலைதான் ரொறன்ரோ எங்களுக்குப் பக்கத்து ஊர். விடியப் பிடிச்ச மீன் மாதிரி என்ரை கடையிலை மீன் கிடக்கெண்டால் ஆராலை? இது சேர்க்கிற ரோட்டு. பிரிக்கிற ரோட்டில்லை. கீழை பார்க்கிங் தந்தால் இன்னும் நல்லது."

முசியே ரொந்தோவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஓர் அகதி, ஒரு சிறு வியாபாரி, அதுவும் தாய்மொழியில், சாலை மக்களைச் சேர்க்கிறது என்கிறார்! அன்று மட்டும் அவர் கோட்டுப் பையைத் தடவிப் பேனா தேடினார்.

சோலான்ஜ் எழும்பிக் கேட்டாள்: "என் பிள்ளைகள் ரொறன்ரோவுக்குப் போகவில்லை, முசியே. தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறார்கள். அவர்கள் எப்படிப் போவது?"

"மிக முக்கியமான கேள்வி" என்றார் ரொந்தோ. நான் அதைத் தரிப்பிடத்தில் எழுதினேன்.

கமலா பின்னால் நின்றாள். கூட்டம் கலையும்போது தவம் என்னிடம் வந்தார்.

"அக்கா, நான் சொன்னதிலை ஏதும் பிழை இருக்கே? ஹைவே இல்லாட்டி சாமான் எப்பிடி வரும்?"

"சாமான் வரும் தவம். கமலா எப்பிடிப் போறது?"

"அடுத்த சந்தியாலை சுத்திப் போகலாம்தானே. நடக்கிறது உடம்புக்கு நல்லதெண்டு டொக்டர்மாரே சொல்லுகினம்."

கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலே கூடக் கார் ஓட்டுகிற மனிதர் இதைச் சொன்னார். கமலா அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

பனிக்காலம் தொடங்க, 'தற்காலிகமாக' வேலி வந்தது. அடுத்த சந்தி என்பது அதிவேகச் சாலையிலிருந்து வாகனங்கள் இறங்கித் திரும்புகிற இடம். இறங்குகிறவன் மேலே ஓடிய வேகத்திலேயே இறங்குவான். பனி தள்ளும் வண்டிகள் நடைபாதையில் மலைபோல் பனியைக் குவித்துவிட்டுப் போகும். பச்சை விளக்கு எரிகிற நேரம், வளர்ந்த ஒருவர் ஓடிக் கடக்கக் காணும். கயிறு பிடித்த குஞ்சுகளுக்குக் காணாது. ஒருநாள் காலையில் பாதிக் கயிறு கடந்து மறுபாதி வீதியில் நிற்க, திரும்பிய லொறி ஒன்று கயிற்றுக்கு மிக அருகில் வந்து வழுக்கி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலையே தாய்மார் கதைக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு குடும்பமாகப் பிள்ளையை நிறுத்திக்கொண்டது. கார்டரியின் இரண்டு அறைகளில் ஒன்றைச் சோலான்ஜ் மூடினாள்.

இரண்டாவது கூட்டத்தை வடக்குப் பக்கத்தில், தன் கார்டரியிலேயே வைக்க வேண்டும் என்று சோலான்ஜ் பிடிவாதமாக நின்றாள். முதற் கூட்டம் தெற்கில் நடந்ததால் சமநிலைக்கு நல்லது என்று ரொந்தோவும் ஒத்துக்கொண்டார். சமநிலை என்றால் அவருக்கு உயிர்.

அன்று மாலை பனி கொட்டியது. நான் மத்தியானமே போய், மூடிக்கிடந்த அறையில் வட்டம் வட்டமாக நாற்காலி போட்டு வைத்தேன். வடக்குப் பக்கத்து ஆட்கள் கொஞ்சப் பேர் வந்தார்கள். தெற்கிலிருந்து, கமலாவைத் தவிர, ஒருவரும் இல்லை. நிபுணர் கிரெமாசி வீதியில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டார். அது ஒருவழிப் பாதை. திரும்பி வர முடியாமல் எங்கேயோ போய்ச் சுற்றி, கூட்டத்தின் பாதியில் வந்து சேர்ந்தார். ரொந்தோ பழைய நினைவில் தெற்குப் பக்கம், தேவாலயத்தடியில் காரை விட்டுவிட்டார். வேலியைக் கண்டபிறகுதான் விளங்கியிருக்கிறது. சந்தியால் சுற்றி நடந்து வந்தார்.

கதவில் அவர் நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏதோ ஒரு லொறி அவரைத் தலைமுதல் கால்வரை கபிலநிறப் பனிச்சேற்றால் குளிப்பாட்டியிருந்தது. அன்றுதான் அவர் கோட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு மெல்லிய, சுருங்கிய மனிதர் இருந்தார். சோலான்ஜ் துவாய் கொடுத்தாள், சூடாகச் சொக்கலேட் பாலும் கொடுத்தாள். வேறு நாற்காலி காலியில்லாததுபோல, குழந்தைகளின் சின்ன நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அதில் உட்காரவைத்தாள். அவருடைய முழங்கால்கள் நாடிவரை வந்தன.

"எப்படி வந்தீர்கள், முசியே?"

"நடந்து."

"எப்படி இருந்தது?"

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். இந்த மனிதரிடமிருந்து ஒரு சொல், ஒரே ஒரு மனிதச் சொல், இப்போது வரப்போகிறது என்று நம்பினேன்.

"செ நொத்தே" என்றார்.

அறிக்கையின் வரைவு என் மேசைக்கு வந்தது. முடிவெடுக்கிற நகரசபைக் குழுவின் முன்னால் அதை வாசிப்பது என் வேலை. நடுவிலே ஒரு வரி: தெற்குப் பக்கத்தவர்களின் மிகக் குறைந்த வருகை, மறுபக்கத்துடனான தொடர்பில் அவர்களுக்குப் பெரிய அக்கறை இல்லை என்பதைக் காட்டுகிறது.

நான் அந்தத் தாளோடு அவருடைய அறைக்குப் போனேன்.

"முசியே, அவர்கள் வராதது வழி இல்லாததால். நீங்களே வந்து பார்த்தீர்கள்."

"அது உங்கள் விளக்கம், மதாம் ராணி. வராதவர்கள் ஏன் வரவில்லை என்று எங்களுக்குச் சொல்லவில்லை."

"சொல்ல வேண்டுமென்றால் வர வேண்டுமே!"

"அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றார், மிக அமைதியாக.

அந்தக் கணம் அவரைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரவில்லை. இப்படியொரு மூளையைக் கட்டுவதற்கு எத்தனை கொங்கிறீட் தேவைப்பட்டிருக்கும் என்றுதான் யோசித்தேன். "இந்த வரியை நான் வாசிக்கமாட்டேன். நீங்களே வாசியுங்கள்" என்று தாளை அவர் முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

குழுவின் அமர்வு நடந்த அன்று அவரே வாசித்தார். கோட்டின் பொத்தான்கள் எல்லாம் மறுபடி பூட்டியிருந்தன. கருத்துச் சொல்லப் பெயர் கொடுத்தவர்களில் முதல் ஆள் தவம். அவர் தன் ரொறன்ரோக் கதையை மறுபடி சொல்லி முடித்தார். அடுத்து கமலா வந்தாள். வேலை உடுப்போடு வந்திருந்தாள். அவளுடைய பிரெஞ்சு குழந்தைகளிடம் பழகிய பிரெஞ்சு. சின்னச் சின்ன வசனம், ஒளிப்பு மறைப்பு இல்லை.

"எங்கள் பக்கத்து ஆட்கள் வரவில்லை. உண்மை. உங்கள் ஆள் வந்தார், நனைந்து வந்தார். நாங்கள் பிள்ளைகளோடு தினமும் அப்படித்தான் போகிறோம். கதவைப் பூட்டிவிட்டு, இவர்களுக்கு வர விருப்பமில்லை என்று எழுதுகிறீர்கள். வெட்கமாக இல்லையா?"

பின்னாலிருந்து தவம் தமிழில் அடிக்குரலில் சொன்னார்: "கமலா, காணும். நீர் வந்து இரும்."

அவள் திரும்பினாள். ஒலிவாங்கி அவள் முகத்துக்கு நேரேதான் இருந்தது.

"இஞ்சாருங்கோ, நான் இவ்வளவு நாளும் சும்மா இருந்தனான்தானே. நீங்கள் ஒருநாளெண்டாலும் அந்தச் சந்தியாலை நடந்து போயிருக்கிறியளே? நாளைக்குக் காலமை நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. கார் வேண்டாம். கயிறு நான் தாறன். போட்டு வந்து, பேந்து கதையுங்கோ ரொறன்ரோ பக்கத்து ஊர் எண்டு."

குழுவின் தலைவி என்னைப் பார்த்தார். "மதாம், என்ன சொன்னார்?"

நான் எழும்பி நின்று ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். என் வேலைக்காலத்தில் இதைவிடச் சந்தோசமாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை. மண்டபம் சிரித்தது. தவம் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் போனார். நான் பார்க்கவில்லை, கமலா சொன்னாள். மிஞ்சியிருந்த பிள்ளைகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தியில் நின்றிருக்கிறார். பாதி கடக்கையில் விளக்கு மாறிவிட்டது. இறங்கி வந்த லொறி ஒன்று பலமாக ஹோர்ன் அடித்தது. தவம் வீதியின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்று பார்த்தால், அது அவருடைய மீன் லொறி.

"சாரதியைக் கண்டபடி பேசிப்போட்டு வந்தார் அக்கா" என்றாள் கமலா. "வீட்டை வந்து தேத்தண்ணி கேட்டார். குடுத்தன்."

தன் பிழையை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து காலையில் கடையை மனைவியின் தம்பியிடம் விட்டுவிட்டுச் சந்தியில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். அவர் நிற்கிறார் என்று தெரிந்து சில தாய்மார் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பினார்கள்.

குழு என்ன செய்தது? அறிக்கையை ஏற்றுக்கொண்டது. வழியை நிரந்தரமாக மூடலாம் என்றது. சிரிப்பு ஒரு வாக்காக எண்ணப்படுவதில்லை.

ஆனாலும் அந்த வழி திறந்தது. யாருடைய கண்ணீரும் அதைத் திறக்கவில்லை. பழுதுபார்க்க வந்த ஒப்பந்தக்காரரின் பெரிய யந்திரங்கள் அந்தப் பாலத்தின் கீழே நுழையவில்லை. உயரம் போதாது. பெரிய படிப்புப் படித்த எத்தனையோ பேர் எத்தனையோ கூட்டம் வைத்தும், அதை அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. களஞ்சியத்தை வேறெங்கோ கொண்டுபோனார்கள். வெறும் வேலி மட்டும் நின்றது. அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல், திறந்துவிட முடிவெடுத்தார்கள். எங்கள் நிறுவனம் அறிக்கைக்கு ஒரு புதிய முன்னுரை எழுதியது. மக்களின் குரலுக்குச் செவிசாய்த்ததன் விளைவு என்றது அது. அந்த வருடமே, குடிமக்கள் பங்கேற்பில் சிறந்த முன்மாதிரி என்று முசியே ரொந்தோவுக்குக் கண்ணாடியில் செய்த பரிசொன்றும் கிடைத்தது.

திறப்பு விழாவுக்கு என்னையும் வரச் சொன்னார்கள், பல்லினத்தவர் படத்தில் நிற்க வேண்டுமாம். இளவேனில் தொடங்கியிருந்தாலும் பாலத்தின் கீழே குளிர் போகவில்லை. தூண்களில் வண்ணச் சித்திரம் தீட்டியிருந்தார்கள். கைகோத்த மனிதர்கள், பல மொழியில் 'ஒற்றுமை'. தமிழில் அது 'ஒற்றமை' என்றிருந்தது. ஓவியரிடம் சொன்னேன். நன்றி, அழகான எழுத்துக்கள் என்றார்.

வழியின் குறுக்கே நீலநிற ரிப்பன் கட்டியிருந்தார்கள். பிரமுகர்கள் வடக்குப் பக்கம் நின்று பேசினார்கள். இணைப்பு, பாலம், திறந்த கரங்கள் என்று பேச்சு நீண்டது. மேலே லொறி போகும்போதெல்லாம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள். அது கார்டரி தொடங்கும் நேரம். தெற்குப் பக்கம், ரிப்பனுக்கு அப்பால், கமலாவும் தவமும் கயிற்றில் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். ரொந்தோ ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிடம் என்று சைகை காட்டினார். அந்த நிமிடம் முடிகிற மாதிரி இல்லை. பிள்ளைகள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். வால்பக்கத்தில் நின்ற ஒரு சின்னவள், மூத்திரம் முட்டி, உரத்த குரலில், "கமலா, பிப்பி!" என்றாள்.

கமலா யாரையும் பார்க்கவில்லை. குனிந்து ரிப்பனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். பிள்ளைகள் வளையத்தை விடாமல் ஒவ்வொருவராக அதன் கீழால் வந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலைப் பிடித்தபடியே ஒதுங்கி வழிவிட்டார். கடைசியாகத் தவம். அவர் குனியவில்லை. ரிப்பன் அவர் மார்பில் இழுபட்டு, ஒரு பக்க முடிச்சு அவிழ்ந்து, தோளில் மாலைபோல் தொங்கியது. அதைக் கழற்றி ரொந்தோவின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்தார்.

படப்பிடிப்பாளர் தயங்கினார். "இப்போது என்ன செய்வது?" என்று கேட்டார்.

பிள்ளைகள் கார்டரிக்குள் போய்ச் சேர்ந்து, சோலான்ஜ் கதவைச் சாத்திய பிறகு, அவர்கள் ரிப்பனை எடுத்து மறுபடி குறுக்கே கட்டினார்கள். எல்லோரும் சரியாக நின்று சிரித்துக்கொண்டு, ஆளில்லாத அந்த வழியைத் திறந்துவைத்தார்கள்.